பழைய ஆபீஸ் மேசை நாற்காலிகளைக் கழிக்க: நோவோபானிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி இதுதான்: நாகர்கோவிலில் வாடகைக் கட்டடத்தில் இருந்த ஒரு தனியார் அலுவலகம் சின்ன இடத்துக்கு மாறுகிறது. 18 மேசை, 24 ரிவால்விங் சேர், 6 இரும்பு பீரோ, அலுமினியமும் கண்ணாடியுமாகப் போட்ட தடுப்புகள், வரவேற்பறை சோபா, பழைய தேக்கு மேசை ஒன்று, இவ்வளவும் வேண்டாததாகிவிட்டது. ஒரு மாதத்தில் கட்டடத்தை ஒப்படைக்க வேண்டும். குளத்தங்கரையிலோ சாலையோரத்திலோ போய்க் கிடக்காதபடி இவற்றை எப்படிக் கழிப்பது?

வழக்கமாக நடப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கடைசி வாரத்தில் ஆக்கர் கடைக்காரரை, அதாவது பழைய இரும்புச் சாமான் எடைக்கு வாங்குபவரை, கூப்பிட்டு "மொத்தமா எவ்வளவு தருவீங்க" என்று கேட்பார்கள். அவர் பீரோ, அலுமினியம், சேரின் இரும்புக் கால் ஆகியவற்றை மனதுக்குள் எடைபோட்டு ஒரு தொகை சொல்வார். பணம் கைமாறும். இரும்பும் அலுமினியமும் முதல் வண்டியில் போய்விடும். மேசைப் பலகை அங்கேயே கிடக்கும், அல்லது இரண்டாவது வண்டியில் ஏறி, இருட்டிய பிறகு ஏதாவது ஒரு கால்வாய் ஓரத்தில் இறங்கும். ஆக்கர் கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தப் பலகையை அவரிடமிருந்து வாங்க ஆளில்லை. விலையுள்ளதை முதலில் விற்றுவிட்டு விலையில்லாததைக் கடைசிக்கு வைத்தால் இப்படித்தான் முடியும்.

அதனால் திட்டத்தைத் தலைகீழாகப் போடுங்கள். யாருக்கும் வேண்டாத பொருளுக்கு முதலில் வழி கண்டுபிடியுங்கள். உங்கள் பட்டியலில் அது மேசைதான். கடந்த இருபது ஆண்டுகளில் வாங்கிய ஆபீஸ் மேசை என்றால் பெரும்பாலும் பார்ட்டிகிள் போர்டு. நம்மூரில் நோவோபான் என்றே சொல்வார்கள். மரத்தூளையும் சீவலையும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசையில் அழுத்திச் செய்த பலகை, மேலே பிளாஸ்டிக் படலம், விளிம்பில் பிவிசி பட்டை. 18 மி.மீ. கனமுள்ள 8க்கு 4 அடிப் பலகை ஒன்று ஏறக்குறைய 36 கிலோ வரும். 4க்கு 2 அடி மேசை ட்ராயர் பெட்டியோடு 30 கிலோவைத் தாண்டும். 18 மேசை என்றால் அரை டன்னுக்கு மேல் பலகை. இதற்கு வழி தெரிந்த பிறகே மற்றவற்றுக்கு விலை பேசுங்கள்.

ஒவ்வொரு மேசையையும் குப்புறக் கவிழ்த்துப் பாருங்கள். தரையைத் தொடும் விளிம்பு உப்பியிருக்கிறதா? தரை துடைக்கும் தண்ணீர் தினமும் அந்த விளிம்பில் ஏறும். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஜூன் தொடங்கித் தென்மேற்கு, அக்டோபர் தொடங்கி வடகிழக்கு என்று இரண்டு பருவமழையின் ஈரமும் சேரும். உப்பிய பலகை காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது, பிடிப்பு போய்விடும். உப்பல் கீழே இரண்டு மூன்று அங்குலத்தோடு நின்றிருந்தால் அந்தப் பகுதியை நேராக அறுத்துத் தள்ளிவிட்டு, பிளாஸ்டிக் அல்லது இரும்புக் கால் பொருத்தி உயரத்தைச் சரிசெய்யலாம். ஸ்குரூ துளை தளர்ந்திருந்தால் பெரிய ஸ்குரூவைப் போட்டு இறுக்காதீர்கள், பலகை பிளக்கும். துளையை 8 அல்லது 10 மி.மீ.க்குப் பெரிதாக்கி, பசை தடவிய மரக்குச்சியை அடித்து, ஒரு நாள் காயவிட்டு, அதில் புதிதாகத் துளையிட்டால் நிற்கும்.

இந்தச் சோதனையில் மேசைகள் மூன்று வகையாகப் பிரியும். அப்படியே பயன்படுபவை, சின்ன வேலை செய்தால் பயன்படுபவை, இனி மேசையாகாதவை. மூன்றாவது வகையை மட்டும் கழற்றுங்கள். மற்ற இரண்டையும் முழுதாகவே கொண்டு போங்கள். மினிஃபிக்ஸ் (பலகைக்குள் மறைவாகத் திருகிப் பூட்டும் சின்ன உலோக இணைப்பு) வைத்துப் பூட்டிய மேசையை ஒருமுறை கழற்றிப் பூட்டினால் தாங்கும், இரண்டாவது முறை ஆடத் தொடங்கும். வண்டி வாடகையை மிச்சம் பிடிக்க எல்லாவற்றையும் கழற்றி, வாங்கியவர் வீட்டில் மேசை நிற்காமல் போவது அடிக்கடி நடக்கிறது. கணக்கையும் பாருங்கள்: டாட்டா ஏஸ் வண்டியின் தட்டு ஏறக்குறைய 7 அடிக்கு 5 அடி, எடை முக்கால் டன் வரை தாங்கும். முழு மேசை ஒரு நடைக்கு ஆறு ஏற்றலாம், அதாவது 18க்கு மூன்று நடை. கழற்றி அடுக்கினால் ஒரே நடை, தட்டில் ஓர் அடி உயரம்கூட வராது. அதனால் செத்த மேசைக்குத்தான் கழற்றல் லாபம்.

கழற்றிய பலகை எங்கே போகும்? முதலில் தச்சுப்பட்டறை. மேல்பலகை பெரும்பாலும் நல்ல நிலையில்தான் இருக்கும், கெட்டது பக்கப் பலகையின் அடிதான். நான்கடி நீளமுள்ள மேல்பலகை கடைத் தட்டு, பரண், பொருள் வைப்பறை அலமாரி என்று பலவற்றுக்கு உதவும். அறுத்த பக்கத்தை அப்படியே விடாமல் பசையோ பெயின்டோ பூசச் சொல்லுங்கள், ஈரம் புகும் வழி அதுதான். வடசேரி, கோட்டாறு, மார்த்தாண்டம், தக்கலை எங்கே கேட்டாலும் சின்னக் கடைக்காரர்கள் தட்டுக்குப் பலகை தேடுவார்கள். இலவசமாகக் கொடுத்தாலும் உங்களுக்கு லாபம்தான், அப்புறப்படுத்தும் செலவு குறைகிறதே.

"விறகுக்கு எடுத்துக்கிறேன்" என்று யாராவது வந்தால் பலகையைக் கொடுக்காதீர்கள். இதில் தயவே காட்டக் கூடாது. டீக்கடை அடுப்பிலும் பேக்கரி அடுப்பிலும் தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கத்துச் செங்கல் சூளையிலும் இது எரிந்தால் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடும் நைட்ரஜன் சேர்ந்த நச்சு வாயுக்களும், பிவிசி பட்டையிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடும் வரும். டயாக்சின் என்ற கொடிய நச்சும் உருவாகும். அந்தப் புகை முதலில் போவது அடுப்புக்கு முன்னால் நிற்பவரின் நெஞ்சுக்குள். தேக்கு, அயனி, பலா போன்ற முழு மரத்தை, அதிலும் பெயின்டு, வார்னிஷ் இல்லாததை மட்டுமே விறகென்று கொடுக்கலாம். தென்னந்தோப்பிலோ ரப்பர் தோட்டத்திலோ பலகையைப் புதைப்பதும் வேண்டாம். மரத்தூள்தானே, மக்கிவிடும் என்று நினைப்பார்கள். பசையும் படலமும் மக்காது, மண்வெட்டியில் பல வருடம் தட்டுப்பட்டுக்கொண்டே இருக்கும்.

தச்சரும் எடுக்காத மிச்சம் உள்ளாட்சியிடம் போக வேண்டும். நாகர்கோவில் என்றால் மாநகராட்சியின் சுகாதாரப் பிரிவு. குளச்சல், குழித்துறை, பத்மநாபபுரம், கொல்லங்கோடு என்றால் நகராட்சி. பேரூராட்சியில் செயல் அலுவலர். தினமும் வீட்டுக்கு வரும் குப்பை வண்டி மேசைப் பலகையை எடுக்காது, எடுக்கச் சொல்லித் தூய்மைப் பணியாளரை நெருக்கவும் கூடாது. என்ன பொருள், தோராயமாக எத்தனை கிலோ, எந்தத் தேதி என்று எழுத்தில் கொடுத்து, கட்டணம் கேட்டால் கட்டி, ரசீது வாங்குங்கள். இதற்கு இரண்டு வாரம் முன்னதாகவே போய்விடுங்கள். இரும்பையும் கண்ணாடியையும் நீக்கிய வெறும் பலகையாகக் கொடுத்தால் எரிபொருள் கழிவாகப் பிரித்துச் சிமென்ட் ஆலைக்கு அனுப்ப முடியும். ஆலைச் சூளையில் 1400 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம் இருப்பதால் பசை முழுதாகச் சிதைகிறது. கிலோவுக்கு 1500 கிலோகலோரிக்கு மேல் எரிதிறன் உள்ள, மறுசுழற்சிக்கு உதவாத கழிவைக் குப்பைமேட்டில் கொட்டக் கூடாது என்று 2016 திடக்கழிவு விதிகளே சொல்லின. பார்ட்டிகிள் போர்டின் எரிதிறன் அதைப் போல் இரு மடங்குக்கும் மேல். கலந்து கொடுத்தால் அது மேட்டில்தான் முடியும். பிரித்துக் கொடுக்கும் உழைப்பு உங்களுடையது.

இனி நாற்காலி. 24 சேரில் "போச்சு" என்று ஒதுக்கியவற்றில் பாதிக்கு மேல் சின்ன பாகம்தான் போயிருக்கும். உட்கார்ந்தால் இறங்கிக்கொண்டே போகிறது என்றால் காஸ் லிஃப்டின், அதாவது இருக்கையை ஏற்றி இறக்கும் நடுக் குழாயின், சீல் கசிகிறது. சேரைக் கவிழ்த்து, அடியில் உள்ள கிளிப்பைக் கழற்றி, ரப்பர் சுத்தியலால் நடுவில் தட்டினால் ஐங்கால் அடித்தளம் பிரிந்துவிடும். லிஃப்டின் மேல்முனை இருக்கைக்கு அடியில் உள்ள தட்டில் கூம்பாக இறுகி நிற்கும். துரு எண்ணெய் விட்டுக் கால் மணி நேரம் பொறுத்து, பைப் ரெஞ்சால் திருகினால் வரும். புதியது வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டு போய் நீளத்தை ஒப்பிடுங்கள், விட்டம் பெரும்பாலும் ஒன்றுதான். சக்கரத்தின் தண்டு பெரும்பாலும் 11 மி.மீ., தனியாகவே கிடைக்கும். இருக்கையின் ஃபோம் அமுங்கிவிட்டால் குஷன் கடையில் மாற்றலாம், உள்ளே உள்ள பிளைவுட் உடையாமல் இருந்தால் போதும்.

சரிசெய்ய முடியாத சேரைக் கழற்றும்போது காஸ் லிஃப்டை மட்டும் கண்ணில் வைத்திருங்கள். உள்ளே உயர் அழுத்தத்தில் நைட்ரஜன் இருக்கிறது. அதை அறுக்கவோ துளையிடவோ வெல்டிங் சூட்டில் காட்டவோ கூடாது. நெருப்பில் விழுந்தால் குண்டு மாதிரி வெடித்துப் பறக்கும். ஆக்கர் கடையில் காஸ் கட்டர் வைத்துப் பிரிப்பவர் எல்லாம் இரும்புக் குழாய்தானே என்று நினைத்து வெட்டிவிடலாம். எல்லா லிஃப்டையும் தனிச் சாக்கில் கட்டி, "இதில் காஸ் இருக்கிறது, வெட்டாதீர்கள்" என்று தமிழில் எழுதி ஒட்டி, வாயாலும் சொல்லி ஒப்படையுங்கள். மற்றபடி சேர் நன்றாகவே பிரியும்: நைலான் அடித்தளமும் கைப்பிடியும் பிளாஸ்டிக்காகவும், இருக்கைக்கு அடியில் உள்ள தட்டு இரும்பாகவும், சில மாடல்களில் அடித்தளம் அலுமினியமாகவும் போகும். அலுமினியமா என்று பார்க்கக் காந்தம் வைத்தால் ஒட்டாது. ஃபோமையும் நெட் துணியையும் குஷன் கடையில் கேளுங்கள், தலையணை, மெத்தை நிரப்பத் துண்டு ஃபோம் வாங்குபவர்கள் உண்டு. அதற்கு முன் தையல் மடிப்பில் மூட்டைப்பூச்சி இருக்கிறதா பாருங்கள், கறுப்புப் புள்ளி வரிசையாகத் தெரியும். வரவேற்பறை சோபாவில் இதை இன்னும் கவனமாகப் பாருங்கள். இருந்தால் அந்த ஃபோமையோ சோபாவையோ யாருக்கும் கொடுக்காதீர்கள்.

பள்ளிக்குக் கொடுக்கலாமா என்று பலர் கேட்பார்கள். கொடுக்கலாம், ஆனால் கேட்டுவிட்டு. ஆபீஸ் மேசையின் உயரம் 75 செ.மீ. அளவில் இருக்கும். தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கும் அங்கன்வாடிக்கும் அது உதவாது. ஆசிரியர் அறை, கணினி அறை, நூலகம், உயர்நிலை வகுப்பு ஆகியவற்றுக்குத்தான் பொருந்தும். ரிவால்விங் சேரைச் சக்கரத்தோடு வகுப்பறையில் விட்டால் ஒரு மாதத்தில் உடையும். சக்கரத்தைப் பிடுங்கிவிட்டு அதே 11 மி.மீ. தண்டில் பொருந்தும் நிலைப் புஷ் (உருளாத கால்) போட்டுக் கொடுத்தால் நெடுநாள் உழைக்கும். தலைமையாசிரியரிடம் படம், அளவு, குறை ஆகியவை எழுதிய பட்டியலைக் கொடுத்து, எது வேண்டும் என்று அவரே குறிக்கட்டும். கொடுத்தபின் பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் ஏற்றி ஒப்புகைக் கடிதம் தரச் சொல்லுங்கள். அரசுப் பள்ளிகளுக்கு உதவ 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தின் வழியாகவும் அணுகலாம். ஊர்ப்புற நூலகம், வாசகசாலை, கோயில் அல்லது ஆலய அலுவலகம், மகளிர் சுய உதவிக் குழு, புதிதாகக் கடை போடும் இளைஞர் என்று கேட்கக்கூடிய இடம் நிறைய இருக்கிறது. உடைந்ததை "தர்மம்" என்று தள்ளிவிடாதீர்கள். அதை அப்புறப்படுத்தும் செலவை ஏழைப் பள்ளியின் தலையில் கட்டியதாகவே ஆகும்.

காலமும் முக்கியம். பள்ளி ஜூனில் திறக்கும். ஏப்ரல், மே மாதங்களில் கொடுத்தால் விடுமுறையிலேயே அடுக்கிவிடுவார்கள். மழைக்காலத்தில் கழிக்க நேர்ந்தால் மேசையை ஒரு ராத்திரிகூட முற்றத்தில் விடாதீர்கள், விளிம்பில் ஏறிய ஈரம் காலையில் மேசையைக் குப்பையாக்கிவிடும்.

இரும்பு பீரோ பெரிய தலைவலியில்லை. ஆளுயர பீரோ 60 கிலோவுக்கு மேல் இருக்கும். தட்டுகளைக் கழற்றி, கதவைக் கயிற்றால் கட்டி, இருவர் தூக்குங்கள். நான்கு ட்ராயர் ஃபைல் பெட்டகம் இருந்தால் ட்ராயர்களை எண் போட்டு வெளியே எடுத்தபிறகே நகர்த்துங்கள், மேல் ட்ராயர் வழுக்கி வந்தால் முழுப் பெட்டகமும் ஆள்மேல் கவிழும். குளச்சல், முட்டம், கன்னியாகுமரி போலக் கடலோரத்தில் இருந்த பீரோ என்றால் உப்புக்காற்றின் துரு கால்புஷ்ஷுக்குள்ளும் அடித்தகட்டின் மடிப்பிலும் தொடங்கியிருக்கும். முன்பக்கம் பளபளவென்று இருப்பதை நம்பாமல் அங்கே ஸ்குரூடிரைவரால் குத்திப் பாருங்கள். ஓட்டை விழாவிட்டால் கம்பி பிரஷ் போட்டு, துரு தடுக்கும் ரெட் ஆக்சைடு அடித்து, எனாமல் பூசிவிடலாம். பவுடர் கோட்டிங் உள்ள இடத்தை எமரித்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்காமல் பெயின்டு அடித்தால் தோலாக உரிந்து வரும். சாவி தொலைந்ததற்காக பீரோவை எடைக்குப் போடாதீர்கள், பூட்டை மட்டும் மாற்றலாம். எடைக்குப் போட்டே ஆகவேண்டும் என்றால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: பீரோ தகடு தகர விலைக்குத்தான் போகும், கன இரும்பு விலை கிடைக்காது. அதனால் பீரோவாகவே விற்பது நல்லது. பழைய தீத்தாங்கும் சேஃப் இருந்தால் உடைக்கவே வேண்டாம். பழையவற்றின் உள் நிரப்பில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும், சேஃப் விற்கும் கடையோடு பேசுங்கள்.

தடுப்புகளில் விலை அலுமினியத்துக்கு, ஆபத்து கண்ணாடிக்கு. கண்ணாடியின் மூலையில் முத்திரை இருந்தால் டஃப்பன்ட் கண்ணாடி, அதாவது சூடேற்றிக் கடினமாக்கியது. அதை அறுத்துச் சின்னதாக்க முடியாது, விளிம்பில் ஒரு தட்டு பட்டாலே முழுதும் சிதறும். அதே அளவில் தேவைப்படுபவருக்கு மட்டும் பயன்படும், எனவே ஒவ்வொன்றின் அளவையும் எழுதித் தடுப்பு வேலை செய்பவர்களிடம் கேளுங்கள். சாதாரணக் கண்ணாடியை அறுத்துப் பயன்படுத்தலாம். நிற்க வைத்து, இடையே அட்டை வைத்துக் கொண்டு போங்கள், படுக்க வைத்தால் வண்டி குலுங்கும்போதே உடையும். அலுமினியத்திலிருந்து ரப்பர் பீடிங், ஸ்குரூ, பலகை மூன்றையும் நீக்கிக் கொடுத்தால் விலை கூடும். தடுப்புக்குள் ஓடும் மின்வயரை எலெக்ட்ரீஷியன் வந்து இணைப்பைத் துண்டித்த பிறகே தொடுங்கள். செம்பு வயர் தனி எடை. யுபிஎஸ் பேட்டரியை விற்ற கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், கணினிச் சாமான்களை மின்கழிவு எடுக்கப் பதிவு பெற்றவரிடம் கொடுங்கள். இவற்றை மேசை நாற்காலியோடு ஒரே வண்டியில் கலக்காதீர்கள்.

தேக்கு மேசையை மொத்த விலைக்குள் சேர்த்துவிடாதீர்கள். ட்ராயரை வெளியே எடுத்து அதன் மூலையைப் பாருங்கள். பல் பல்லாகக் கோத்த இணைப்பும், பலகையின் வெட்டு முனையிலும் தொடரும் மரவரியும் இருந்தால் முழு மரம். மேல்வரி விளிம்போடு நின்று உள்ளே வேறு நிறம் தெரிந்தால் மேலே ஒட்டிய வெனீர்தான். இந்த மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் பக்கம் இருந்ததால், தேக்கிலும் அயனியிலும் செய்த பழைய அலுவலக மேசைகள் இன்னும் அங்கங்கே கிடைக்கின்றன. மேலே பெயின்டு அடிக்காமல், சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, படம் எடுத்து, பழைய மரச்சாமான் வாங்கும் இரண்டு மூன்று பேரிடம் விலை கேளுங்கள். காலடியில் சின்னத் துளையும் மாவு போன்ற தூளும் இருந்தால் வண்டு, மண் தடம் இருந்தால் கரையான். ரப்பர் மரச் சாமானில் இந்த வண்டு அதிகம். மருந்து வைத்துச் சரியானதை உறுதி செய்யாமல் இன்னொருவர் வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

எந்தப் பொருள் வெளியேறும் முன்னும் ட்ராயரை முழுதாக இழுத்து எடுத்து, பின்னால் உள்ள இடைவெளியையும் பாருங்கள். காசோலைப் புத்தகம், ஆதார் நகல், சம்பளப் பட்டியல், பென்டிரைவ் எல்லாம் அங்கேதான் விழுந்து கிடக்கும். காகிதத்தைக் கிழிக்கும் இயந்திரத்தில் போட்ட பிறகே பழைய பேப்பர் எடைக்கு அனுப்புங்கள்.

கணக்குப் பக்கம் கொஞ்சம் சிக்கல் உண்டு. ஜிஎஸ்டி பதிவு உள்ள நிறுவனம், வாங்கும்போது உள்ளீட்டு வரி எடுத்திருந்தால் (அப்போது கட்டிய ஜிஎஸ்டியைத் தான் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொண்டிருந்தால்), விற்கும்போது இரண்டு தொகையில் எது அதிகமோ அதைக் கட்டவேண்டும்: எடுத்த வரியைக் காலாண்டுக்கு 5 சதவீதம் குறைத்தபின் மிஞ்சுவது, அல்லது விற்ற விலைக்கு உரிய வரி. 10,000 ரூபாய் மேசைக்கு 1,800 ரூபாய் வரி எடுத்திருந்து, மூன்றாண்டு கழித்து 2,000 ரூபாய்க்கு விற்றால், 12 காலாண்டுக்கு 60 சதவீதம் போக மிச்சம் 720 ரூபாய். விற்பனை வரி 18 சதவீதத்தில் 360 ரூபாய். கட்டவேண்டியது 720. இலவசமாகக் கொடுத்தால் வரி இல்லை என்று நினைப்பதும் தவறு. உள்ளீட்டு வரி எடுத்த வணிகச் சொத்தை விலையில்லாமல் கைமாற்றினாலும் அது வழங்கலாகவே கருதப்படும். வருமான வரியில் 80ஜி என்று வழக்கில் சொல்லும் நன்கொடை விலக்கு பணமாகக் கொடுத்ததற்குத்தான், பொருளுக்கு இல்லை. மேசைக்கு 80ஜி ரசீது தருகிறோம் என்பவரை நம்பிக் கணக்கு எழுதாதீர்கள். களியக்காவிளை தாண்டி கேரளத்துக்கு அனுப்பினால் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் என்ற ஜிஎஸ்டி சரக்குச் சீட்டு வேண்டும். அரசு அலுவலகம் என்றால் இப்படி விருப்பம்போல் விற்கவோ கொடுக்கவோ முடியாது, அரசு விதிகளின் முறைப்படியே கழிவு செய்ய வேண்டும்.

ஒரு மாதத்தை இப்படிப் பிரியுங்கள். முதல் வாரம் எண் ஒட்டி, படம் எடுத்து, கவிழ்த்துச் சோதித்தல். இரண்டாவது வாரம் பள்ளி, நூலகம், கடைக்காரர்களுக்குப் பட்டியல் அனுப்புதல், உள்ளாட்சிக்குக் கடிதம். மூன்றாவது வாரம் பழுது வேலையும், வாங்குபவர்கள் எடுத்துப் போவதும். கடைசி வாரத்தில்தான் ஆக்கர் கடை. சுமட்டுத் தொழிலாளர் கூலியை முன்கூட்டியே பேசிவிடுங்கள், மாடியிலிருந்து இறக்குவதற்குத் தனிக் கூலி உண்டு.

ஆக்கர் கடையோடு பேசும்போது பொருள்வாரியாக விலை கேளுங்கள்: தகரம், கன இரும்பு, அலுமினியம், செம்பு, பிளாஸ்டிக். எடை உங்கள் கண் முன்னால் நடக்கட்டும், ஏற்றும் முன் தராசு பூஜ்யத்தில் நிற்கிறதா பாருங்கள். பலகையையும் அவரே எடுப்பதாகச் சொன்னால் எங்கே கொண்டு போகிறார் என்று கேட்டு, கட்டடம் காலியாகி, பலகை இறங்கிய இடத்தின் ரசீதோ படமோ வந்த பிறகு கணக்கு முடிப்பதாக எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு ஈடாக இரும்பு விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டிவரும். தாராளமாக விட்டுக்கொடுங்கள், அந்தப் பலகைக்கு நீங்கள் கட்டும் வண்டிக்கூலி அதுதான்.